உள்ளே இருப்பவரின் காகிதங்கள்

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே, ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் இருக்கிறது என் மேசை. ஆங்கிலத்தில் வரும் நீதிமன்றத் தாள்களைத் தமிழாக்குவதும், தமிழில் இருக்கும் வாக்குமூலங்களையும் தீர்ப்புகளையும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்காக ஆங்கிலமாக்குவதும் என் தொழில். வக்கீல் குமாஸ்தாவாக டைப் அடிக்க வந்தவன், அப்படியே இதற்குள் இறங்கிவிட்டேன். பத்திரம், பாகப்பிரிவினை, வாய்க்கால் தகராறு என்று சிவில் தாள்களும் நிறைய வரும். ஆனாலும் ராத்திரி உட்கார்ந்து இரண்டாம் தடவை ஒத்துப் பார்ப்பது கிரிமினல் தாள்களைத்தான். அந்தத் தாளுக்குப் பின்னால் ஓர் ஆள் அடைபட்டுக் கிடக்கிறார்.

ஆங்கிலத்தில் அடைபடுதலுக்கு எத்தனையோ சொல் உண்டு. அரெஸ்ட், டிடென்ஷன், கஸ்டடி, ரிமாண்ட், ரெஸ்ட்ரெய்ன்ட், கன்ஃபைன்மென்ட், இம்ப்ரிசன்மென்ட், இன்கார்சரேஷன். அகராதியில் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகப் போட்டிருப்பார்கள். சட்டத் தாளில் அப்படிக் கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் எழுத அதிகாரம் உள்ளவர் வேறு, அது செல்லும் காலம் வேறு, அதை நீக்கக் கேட்டுப் போய் நிற்க வேண்டிய இடம் வேறு. வீட்டார் கேட்பதோ ஒரே கேள்வி: "எப்ப வெளிய வருவான்?" அதற்கான பதில், தாளில் எந்தச் சொல் விழுந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. எல்லாவற்றையும் 'சிறை' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வாசிக்கச் சுலபம். எங்கே போய் முட்ட வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

இந்த ஊருக்குச் சிறையோடு பழைய உறவு. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு, அவர் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி அவர் தப்பிப் போய் மறுபடியும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை எழுப்பினார். இன்றைக்கு இங்கே இருக்கும் மத்திய சிறைக்குத் தென்கோடி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைக் கண்டு பேச, காலை பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பங்கள் திரும்பிப் போகிற வழியில் வக்கீல் ஆபீசுக்கும், அங்கிருந்து என் மேசைக்கும் வருவது வழக்கம்.

முதல் தாள் அரெஸ்ட் மெமோ. கைது என்ற சொல் தாளில் விழுந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அரசியல் சாசனத்தின் 22-ஆவது உறுப்பு, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. அதனால்தான் கைது என்று எழுதாத அடைப்பை நான் மிகவும் பயத்தோடு பார்க்கிறேன். "விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்" என்பார்கள். "ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காவ" என்று வீட்டார் சொல்வார்கள். அந்த உட்காரலுக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் மணிக் கணக்கும் இல்லை. அப்படி ஒரு வாக்கியம் எதிர்ப்பட்டால், எந்த நாள், எந்த நேரம் என்று தாளில் இருக்கும் குறிப்பு ஒன்றையும் விடாமல் மொழிபெயர்ப்பில் கொண்டுவந்து சேர்ப்பேன். அரெஸ்ட் மெமோவில் இரவு 9 மணிக்குக் கைது என்றும், சாட்சியின் வாக்குமூலத்தில் மத்தியானமே கூட்டிப் போனார்கள் என்றும் இருந்தால், அந்த இடைவெளிதான் வழக்கறிஞருக்கு வேண்டியது.

அடுத்தது ரிமாண்ட். மாஜிஸ்திரேட் ஆளை நேரில் பார்த்து, காயம் உண்டா, போலீஸ் மீது புகார் உண்டா என்று கேட்டு, தாளைப் படித்து, காவலில் வைக்கக் காரணம் இருக்கிறதா என்று யோசித்துப் போட வேண்டிய உத்தரவு அது. இதைச் சடங்காக நினைத்தால் என்ன ஆகும் என்பதை 2020-இல் பக்கத்துச் சாத்தான்குளம் காட்டியது. ஜூன் 19-ஆம் தேதி கைது செய்யப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் பட்ட காயங்களோடு ரிமாண்ட் ஆகிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் விடியற்காலை அப்பாவும் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரிமாண்ட் உத்தரவிலும் 'காயங்கள் ஏதும் உள்ளனவா' என்ற வரிக்கு எதிரே இருப்பதை நான் இரண்டு முறை வாசிக்கிறேன்.

ரிமாண்டிலேயே இரண்டு உண்டு. போலீஸ் கஸ்டடி என்றால் ஆள் திரும்ப ஸ்டேஷனுக்குப் போகிறார். மொத்தமே 15 நாள்தான் அது கிடைக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் 15 நாளுக்குள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பகுதி பகுதியாகவும் வாங்கலாம். ஜுடிசியல் கஸ்டடி என்றால் ஆள் சிறையில். அவர் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருப்பவர். தமிழில் இரண்டுக்கும் 'காவல்' என்றே வரும். ஆகையால் போலீஸ் காவல், நீதிமன்றக் காவல் என்று முன்சொல்லைச் சேர்க்காமல் நான் ஒருபோதும் எழுதுவதில்லை. காவல் என்ற சொல் நெல்லைச் சீமையில் ஊர்க்காவலைக் குறித்த சொல். காவல்காரர், காவல் கூலி எல்லாம் இந்தப் பக்கத்து ஆற்றுப் பாசன ஊர்களில் புழங்கிய சொற்கள்தாம். காப்பதும் அடைப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அடைத்து வைத்தவர் காக்கவும் கடமைப்பட்டவர் என்ற பொருள் அதில் தங்கியிருப்பதாலேயே அந்தச் சொல்லை நான் விடமாட்டேன்.

ரிமாண்ட் தேதியில்தான் வீட்டாருக்கு விடிவு. குற்றப்பத்திரிகை 60 நாளிலோ, மரணம், ஆயுள், 10 ஆண்டு போன்ற பெரிய தண்டனை உள்ள குற்றமென்றால் 90 நாளிலோ வரவில்லையானால், ஜாமீன் அவர் உரிமை. கோர்ட்டில் இதை மேண்டேட்டரி பெயில் என்பார்கள். இந்த நாள் கைதான தேதியிலிருந்து ஓடாது. ரிமாண்ட் ஆன தேதியிலிருந்து ஓடும். ரிமாண்ட் ஆன அந்த நாளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 3-ஆம் தேதி ராத்திரி கைது, 4-ஆம் தேதி காலை ரிமாண்ட் என்றால், 4-ஆம் தேதிதான் முதல் நாள். குற்றப்பத்திரிகை வந்துவிழுவதற்குள் மனு போட்டாக வேண்டும். அது ஒரு நாள் முந்திவிட்டால் உரிமை போயிற்று. அரெஸ்ட்டையும் ரிமாண்டையும் 'கைது' என்ற ஒரே சொல்லால் தமிழாக்கியிருந்த தாள்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றைத் திருத்தும்போது கோபம் வரும். படித்தவர் செய்கிற அலட்சியத்துக்குப் படிக்காதவர் உள்ளே நாள் கழிக்கிறார்.

இனி, இங்கே அதிகம் வரும் தாள்: குண்டாஸ். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14-க்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. மிசா, தடா, பொடா என்று ஒவ்வொரு தடுப்புச் சட்டத்தின் சுருக்கப் பெயரையும் தமிழ்ப் பேச்சு விழுங்கியிருக்கிறது; இதுவும் அப்படித்தான். இதில் இருப்பது டிடென்ஷன், தடுப்புக்காவல். குற்றம் நிரூபணமாகித் தந்த தண்டனை இதில் கிடையாது. இனி செய்வார் என்ற கருத்தில் போடும் உத்தரவு. போடுபவர் நீதிபதியில்லை, மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ. ஐந்து நாளுக்குள் காரணங்களைக் கொடுக்க வேண்டும்; 12 நாளுக்குள் அரசு ஒப்ப வேண்டும்; மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும்; அதிகபட்சம் 12 மாதம். "எத்தனை வருசம் தண்டனை போட்டிருக்காவ?" என்று கேட்கிற தாய்க்கு, தண்டனை என்று ஒன்று போடவேயில்லை என்று புரியவைப்பதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆகும். ஜாமீன் கேட்க முடியாது, மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுதான் போட வேண்டும் என்று சொன்னால், "ஆளு எங்க இருக்கான்னுதான் தெரியுமே, எதுக்குக் கொணரணும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. அடைத்தது சட்டப்படிதானா என்று கேட்கும் மனு அது என்று விளக்குவேன்.

இந்த ஆணையோடு உள்ளே இருப்பவருக்கு ஒரு கட்டுத் தாள் கொடுப்பார்கள். புக்லெட் என்பது எங்கள் வட்டாரத்தில் அதன் பெயர். ஆணை, காரணங்கள், பழைய வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகள், ரிமாண்ட் உத்தரவுகள், ஜாமீன் உத்தரவுகள், மருத்துவச் சான்றுகள் எல்லாம் பக்க எண் போட்டுத் தைத்திருக்கும். ஆங்கிலத்தில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் தமிழ்ப் படி இருக்க வேண்டும். 22-ஆவது உறுப்பின் ஐந்தாம் கூறு, அடைக்கப்பட்டவர் கூடிய விரைவில் முறையீடு செய்ய வாய்ப்புத் தரச் சொல்கிறது. தன்மேல் எழுதியிருப்பது என்னவென்று தெரியாதவர் எதை முறையிடுவார்? 1968-இலேயே ஒரிசாவிலிருந்து போன வழக்கில், பக்கம் பக்கமான ஆங்கில ஆணையை வாயால் விளக்கிச் சொன்னது போதாது, அவர் மொழியில் எழுத்தாகத் தந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1999-இல் நம் மாநில வழக்கு. இதே 1982 சட்டத்தில் அடைக்கப்பட்ட, தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பெண்ணுக்கு, ரிமாண்ட் உத்தரவு ஒன்றின் தமிழ்ப் படி கொடுக்கப்படவில்லை. அந்த ஒரு தாளுக்காக அவருடைய காவல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

அதனால் புக்லெட் மேசைக்கு வந்தால் என் வேலை முறை வேறு. முதலில் பொருளையே பார்க்கமாட்டேன். ஆங்கிலப் பக்கங்களின் எண்களை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதுவேன். அவற்றின் தமிழ்ப் பக்க எண்களை வலப்பக்கம். வலப்பக்கம் காலியாக நிற்கும் எண் இருந்தால் சிவப்பு மை. அடுத்துத் தேதிகள்: ஆங்கிலத்தில் ஒரு தேதி, தமிழில் வேறொரு தேதி என்று இருக்கிறதா? அதன் பிறகுதான் சொற்கள். ரிமாண்ட் நீட்டிப்பு உத்தரவுகளே பெரும்பாலும் நழுவுபவை. ரப்பர் ஸ்டாம்பு அடித்து, கீழே மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தில் இரண்டு வரி ஆங்கிலம் இருக்கும். வாசிக்கக் கஷ்டமான கையெழுத்து என்பதால் மொழிபெயர்த்தவர் தாண்டிப் போயிருப்பார். தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு கட்டில் அப்படி இரண்டு வரிகள் தமிழாக்காமல் நின்றன. பூதக்கண்ணாடி வைத்து வாசித்துப் படியெடுத்து வக்கீலிடம் கொடுத்தேன். அந்தப் பையன் வெளியே வந்தபோது வக்கீல் ஆபீசில் மிட்டாய் கொடுத்தார்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்று எனக்குத் தெரியாது. தன்மேல் எழுதியதை வாசிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. அது அவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதுவே போதும்.

தண்டனை என்று வந்துவிட்டால் சொற்கள் மாறும். சிம்பிள் என்றால் வெறுங்காவல், ரிகரஸ் என்றால் கடுங்காவல். கடுங்காவல் என்றதும் இருட்டறை, இரும்புக் குண்டு என்று சனங்கள் பதறிவிடுகிறார்கள். உழைப்போடு கூடிய சிறை என்பதே சட்டப் பொருள். தறி, தையல், அடுமனை, தோட்டம் என்று வேலை கொடுத்துக் கூலியும் கொடுக்க வேண்டும். பதற வைக்கிற தனியடைப்பு இன்னொரு சொல், சாலிட்டரி கன்ஃபைன்மென்ட். அதை நீதிமன்றம் தனியாக எழுதி விதித்தால்தான் உண்டு. அதற்கும் மொத்தம் மூன்று மாதம் என்றும், ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் கூடாது என்றும் 1860-இன் தண்டனைச் சட்டமே கட்டு வைத்தது. சிறை அதிகாரி தன் இஷ்டத்துக்கு அதைக் கையாள முடியாது என்று 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுக்கியது.

சேரன்மகாதேவிப் பக்கத்து அம்மா ஒருவர் ஒரு தீர்ப்பின் நகலோடு வந்தார். மூன்று குற்றங்கள், மூன்று ஆண்டு, இரண்டு ஆண்டு, ஓராண்டு. மடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

"தம்பி, ஆறு வருசம்னு சொல்லுதாவ. அவம் அப்பா அதுவரைக்கும் இருப்பாரான்னு தெரியலய்யா."

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று இருந்தது.

"யம்மா, மூணும் ஒண்ணாவே ஓடும். பெரிசு எதுவோ அதான் கணக்கு. மூணு வருசம்."

"மூணுதானா?"

"அதுலயும் கேஸ் நடக்கும்போது உள்ள இருந்தானே, அந்த அஞ்சு மாசத்தையும் கழிச்சிருவாவ."

அந்த அம்மா தீர்ப்பை வாங்கி, நான் விரல் வைத்துக் காட்டிய வரியைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "இந்த எழுத்தா?" என்று கேட்டார். அடியில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன், வீட்டில் யாரிடமாவது காட்டட்டும் என்று.

ஏககாலம் என்று நீதிபதி எழுதாவிட்டால் ஒன்று முடிந்துதான் அடுத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வ.உ.சி. நினைவுதான். 1908 மார்ச் 12-இல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் கைதானார்கள். மறுநாள் ஊர் கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். ராஜத்துரோகத்துக்கு ஓர் ஆயுள் நாடுகடத்தல், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. பின்னக் கணக்குக்காக ஆயுளை 20 ஆண்டாகக் கொள்ளச் சொல்லும் பிரிவு ஒன்று தண்டனைச் சட்டத்தில் உண்டு. அந்தக் கணக்கில்தான் 40 ஆண்டு என்று இன்றும் சொல்கிறோம். பிற்பாடு மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது.

தண்டனையின் பெயர் டிரான்ஸ்போர்டேஷன். பழைய தமிழில் தீவாந்தரம். ஆனால் வ.உ.சி. கடல் தாண்டவேயில்லை, கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் அடைபட்டிருந்தார். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். நாடுகடத்தல் என்று தீர்ப்பு, செக்கு எப்படி வந்தது என்று நான் பழைய சட்டப் புத்தகத்தைத் தேடியிருக்கிறேன். அன்றைய தண்டனைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, நாடுகடத்தப்படும் வரை அவரைக் கடுங்காவல் கைதியாகவே நடத்த வேண்டும், அந்த நாளும் தண்டனையிலே சேரும் என்று சொன்னது. அனுப்பப்படாதவருக்கு அந்த 'வரை' என்பதே முழுத் தண்டனையாகிவிட்டது. கப்பல் விட்டவர், வக்கீல், தமிழறிஞர். அவர் கையில் கயிறு காய்த்த காய்ப்புக்குச் சட்டப் புத்தகத்தில் ஓர் இடைச்சொல் இடம் கொடுத்திருக்கிறது. இதை வாசித்த அன்று வேலை ஓடவில்லை. அதே சிறைக்காலத்தில் அவர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார் என்பதையும் என் தொழிலில் இருப்பவன் மறக்கக் கூடாது.

டிரான்ஸ்போர்டேஷன் என்ற சொல்லை 1955-இன் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டு, ஆயுள் சிறை என்று மாற்றியது. ஆயுள் என்றால் 14 ஆண்டு என்று இங்கே டீக்கடைதோறும் சொல்வார்கள். ஆயுள் என்றால் மிச்சமிருக்கும் உயிர்க்காலம் முழுதும் என்று 1961-இல் கோபால் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 ஆண்டு என்பது, கொலை போன்ற பெருங்குற்றங்களில் அரசு விடுதலையைப் பரிசீலிப்பதற்குக் கழிய வேண்டிய காலம். இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் சொல்லாமல் விடக் கூடாது; பொய்த் தேதியை நம்பி ஒரு குடும்பம் காத்திருப்பது அதைவிடக் கொடுமை.

ஆங்கிலமாக்கும் வேலையில் வேறு சிக்கல். வழிமறித்தல் ஒரு குற்றம், அடைத்து வைத்தல் வேறு குற்றம். போக உரிமையுள்ள ஒரு திசையில் போகவிடாமல் தடுத்தால் முதலாவது. எந்தத் திசையிலும் ஓர் எல்லைக்கு அப்பால் போகவிடாமல் செய்தால் இரண்டாவது. பழைய சட்டத்தில் 341-க்கு ஒரு மாத வெறுங்காவல், 342-க்கு ஓராண்டு வரை. அடைத்தது மூன்று நாளை எட்டினால் தண்டனை கூடும், பத்து நாளை எட்டினால் இன்னும் கூடும். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தின் வாக்குமூலம் மேசைக்கு வந்தது. "எங்கள எங்கயும் விடல. கொடை முடிஞ்சு எட்டாம் பூசையன்னைக்குக் கூட்டிட்டுப் போனாவ, ஆடி அமாவாசைக்குத்தான் வந்தோம்." கதவு இல்லை, பூட்டு இல்லை, வாசலில் ஆள். பூட்டு இருந்தால்தான் கன்ஃபைன்மென்ட் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் 'விடல' என்பதை அனுமதி தரவில்லை என்று லேசாக ஆங்கிலமாக்கிவிட்டால் வழக்கே கரைந்து போகும். அந்த ஊர்க் கோயில் கொடை எந்தக் கிழமை, ஆடி அமாவாசை எந்தத் தேதி என்று அந்த வருசத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, சொன்னபடியே எழுதி, நாட்கணக்கைத் தனிக் குறிப்பாகக் கொடுத்தேன். சாட்சி சொன்னதற்குள் என் கணக்கைச் சொருகக் கூடாது. அதைக் கண்டும் காணாமல் விடவும் கூடாது.

கன்ஃபைன்மென்ட் என்ற அதே சொல் மில் தொழிலாளர்களின் இ.எஸ்.ஐ. தாள்களில் பேறுகாலம் என்ற பொருளில் வரும். 1948-இன் சட்டத்திலேயே அதற்கு அப்படித்தான் விளக்கம். விக்கிரமசிங்கபுரம் பக்கத்துப் பெண் ஒருவரின் படிவத்தில் 'அடைக்கப்பட்ட தேதி' என்று யாரோ தமிழாக்கியிருந்ததைப் பார்த்தேன். பிள்ளை பிறந்த தேதி அது. சட்டம் எதுவும் பேர் வைக்காத அடைப்பும் இந்தப் பக்கத்தில் இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் கோட்டைப் பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் மண்கோட்டைச் சுவருக்குள்ளேயே பிறந்து வாழ்ந்து முடிந்தார்கள். சமூகவியலாளர் கமலா கணேஷ் அவர்களைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். எந்த நீதிமன்றத்துக்கும் அந்தச் சுவர் ஒரு வழக்காக வரவில்லை.

சிறைக்குள்ளேயும் ஓர் அடைப்பு இருந்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைக்கும் வழக்கத்தை எதிர்த்து ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற அரசின் விளக்கம் அப்போது ஏற்கப்பட்டது. 2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதிப் பிரிவினை சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தபோது, பாளையங்கோட்டையைப் பற்றிய அந்த விளக்கத்தையும் எடுத்துப் பேசி, ஏற்க முடியாது என்றது. கிளாசிஃபிகேஷன், செக்ரிகேஷன் என்று இரண்டு சொற்கள் அந்தத் தீர்ப்பில் வரும். முன்னது வகைப்படுத்தல், விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி, இளையவர் என்று பிரிப்பது நியாயம். பின்னது ஒதுக்கி அடைப்பது. இத்தனை காலம் இங்கே பின்னதைச் செய்துகொண்டு முன்னதன் பெயரைச் சொல்லிவந்தார்கள் என்பது என் எண்ணம். அந்தத் தீர்ப்பைத் தமிழாக்கி நாலு பிரதி எடுத்து இளைய வக்கீல்களிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வேலை ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமானாலும் கைதின் காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும் என்றது. உடனே முடியாவிட்டால், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது கைக்கு வந்திருக்க வேண்டும். தடுப்புக்காவல் கைதிக்கு 1968-இல் கிடைத்தது, சாதாரணக் கைதிக்கும் இப்போதுதான் வந்து சேர்கிறது. அச்சடித்த தமிழ்ப் படிவங்கள் இனி நிறைய வரும். அந்தப் படிவத்தை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். 'மேற்படி நபர் மேற்படி பிரிவுகளின் கீழ் மேற்படி காரணங்களுக்காக' என்று ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் போடாதீர்கள். இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னதைச் செய்ததாக உன்மேல் புகார் என்று எழுதுங்கள். கைதான நேரத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ரிமாண்ட் உத்தரவின் தமிழ்ப் படியில், 60-ஆவது நாளோ 90-ஆவது நாளோ எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அச்சடித்துக் கொடுங்கள். மனு பார்க்க வரும் தாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு நேரே வக்கீலிடம் போகட்டும்.